தாழையூத்துப் பங்குகள்

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு. பாளையங்கோட்டை

இந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. இந்தியா சிமென்ட்ஸ் பங்குகளில் 6.49 சதவீதத்தை, அந்தக் கம்பெனியை வாங்கிய அல்ட்ராடெக் சந்தையில் விற்க முன்வந்திருக்கிறது. அடிவிலை 368 ரூபாய். இதே பங்கை ஓபன் ஆஃபரில் பொதுமக்களிடம் 390 ரூபாய் கொடுத்து வாங்கியதும் இதே அல்ட்ராடெக்தான். முருகன்குறிச்சியில் மளிகை வாங்கிக்கொண்டு நின்றபோது கடை அண்ணாச்சி விடவில்லை. “வாங்குனவனே நட்டத்துக்கு விக்கான்னா உள்ள என்னமோ சரியில்லன்னுதான சார் அர்த்தம்?”

அப்படி இல்லை என்றேன். சந்தையில் பட்டியலான கம்பெனியில் குறைந்தது 25 சதவீதம் பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அல்ட்ராடெக் முதலில் சந்தையில் இருந்த பெருமுதலீட்டாளரிடம் வாங்கியது, பிறகு கம்பெனியை நடத்திவந்த சீனிவாசன் தரப்பிடம் வாங்கியது, இரண்டும் சேர்ந்து 55.49. ஓபன் ஆஃபரில் வந்த 26-ஐக் கூட்டினால் 81.49. எழுபத்தைந்துக்கு மேலே நிற்பதை இறக்கியே ஆக வேண்டும், இறக்குகிறார்கள். ஆலை நன்றாக ஓடுகிறதா, இல்லையா என்பதற்கு இந்த விற்பனையில் ஒரு சேதியும் கிடையாது.

“அப்பம் இப்ப வாங்கலாங்கியளா?”

விற்கிறவன் ஏன் விற்கிறான் என்று தெரிந்துவிட்டால் நாம் வாங்கலாமா என்பதும் தெரிந்துவிட்டதாக மனசு எடுத்துக்கொள்கிறது. வாங்குவதற்கு வேறு விவரம் வேண்டும்: ஒரு டன் சிமென்ட் விற்றால் கம்பெனிக்கு என்ன மிஞ்சுகிறது, கடன் எவ்வளவு, பழைய சூளைகளைப் புதுப்பிக்க எவ்வளவு கொட்ட வேண்டும். ஆண்டறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. அவர் மகன் காலேஜ் படிக்கிறான். அவனை வரச் சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்து படிக்கலாம்.

ஆகஸ்ட் 31

இந்தப் பங்கைப் பற்றி இந்த ஊரில் பேசுவது வேறு எந்தப் பங்கைப் பற்றியும் பேசுவது போல இல்லை. கல்லிடைக்குறிச்சி எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர் 1946-ல் தொடங்கிய கம்பெனி. 1949-ல் தாழையூத்தில் ஆலை ஓட ஆரம்பித்தது. அவர் பெயரில்தான் சங்கர் நகர். மணியாச்சிக்குப் போகும் ரயிலில் அந்தப் புகைபோக்கியைப் பார்த்தபடியே வளர்ந்த தலைமுறை நாங்கள். அங்கே வேலை கிடைத்தால் பெண் கொடுப்பார்கள். வேலை கிடைக்காதவர்கள் பங்கையாவது வாங்கி வைத்தார்கள். தாமிரபரணிக் கரை ஊர்களில் வயல் பத்திரத்தோடு சேர்த்து அந்தப் பங்குப் பத்திரத்தையும் இரும்புப் பெட்டியில் வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

வாங்கியதில் ஒரு குறையும் இல்லை. தினமும் கண்ணில் படுகிற தொழில், தெரிந்த மனிதர்கள், கேட்டால் பதில் சொல்லும் பக்கத்து வீட்டு போர்மேன். வெளியூர் முதலீட்டாளருக்குக் கிடைக்காத அறிவு அது. என் வருத்தம் வாங்கிய பிறகு நடந்ததைப் பற்றி, அல்லது நடக்காததைப் பற்றி. பெட்டியில் வைத்ததோடு சரி, பிறகு யாரும் கணக்கைப் பார்க்கவில்லை. 1998-ல் ஆந்திரத்தின் ராசி சிமென்ட்டைக் கம்பெனி வாங்கியது. விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன் பல ஆண்டுகள் கழுத்தை நெரித்தது. 2008-ல் ஐபிஎல்லில் சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணியை வாங்கியது. 2022-ல் மத்தியப் பிரதேசத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வைத்திருந்த துணைக் கம்பெனியை விற்றது. 2024-ல் மகாராஷ்டிரத்தின் பர்லியில் இருந்த அரைவை ஆலையை அல்ட்ராடெக்குக்கே விற்றது. கடனை அடைக்க ஒரு கம்பெனி சொத்தை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தால் பங்குதாரர் எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இதெல்லாம் பேப்பரில் வந்த செய்திகள்தான். 2024 ஜூலை 28 அன்று சீனிவாசன் தரப்பின் 32.72 சதவீதத்தையும் 390 ரூபாய்க்கு வாங்கப்போகிறோம் என்று அல்ட்ராடெக் அறிவித்தபோது, “திடீர்னு வித்துட்டாங்களே” என்று பலர் சொன்னார்கள். திடீர் இல்லை.

செப்டம்பர் 5

வ.உ.சி. பிறந்தநாள். மைதானத்துப் பக்கம் மாலை போட வந்த கூட்டம். எனக்கு இந்த நாளில் அவருடைய கப்பல் கம்பெனியின் பங்குதாரர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்சம்: 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்ச ரூபாய்க்கு எடுத்தார். 25 ரூபாய் அன்று சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று சேர்ந்தவர்கள் உண்டு. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதுவரை கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் ஆக்கியது. அவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள்.

இங்கேதான் முதலீட்டாளர் படிக்க வேண்டியது இருக்கிறது. கட்டணச் சண்டையில் யாருடைய சேவை நல்லது என்பது முடிவு செய்யாது. யார் அதிக நாள் நட்டத்தைத் தாங்குவார் என்பதே முடிவு செய்யும். எதிர்க் கம்பெனிக்கு உலகெங்கும் வழித்தடங்கள், பின்னால் அரசாங்கம். இவர்களுக்கு ஒரே வழித்தடம், ஒரே மனிதரின் உழைப்பு. 1908 மார்ச்சில் அந்த மனிதரைச் சிறையில் போட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தப் பகைவனை எதிர்த்து ஓடியதோ அவனிடமே விற்கப்பட்டது.

அந்த 25 ரூபாயை நட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள். ஊருக்காக, நாட்டுக்காகப் பங்கு வாங்குவது தகுதியான காரியம். ஆனால் அது எந்தக் கணக்கில் போகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கும் வயசான காலத்து மருந்துக்கும் வைத்த காசு அந்தக் கணக்கில் கலக்கக் கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இரண்டும் கலந்து கிடக்கிறது. அதனால்தான் விற்கும் நேரம் வந்தால் கை நடுங்குகிறது.

செப்டம்பர் 14

கொக்கிரகுளத்து மதினி வந்தார்கள். அண்ணன் தவறிப்போன பிறகு வீட்டுக் காகிதங்களைப் பிரித்தே பார்க்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு வரைக்கும் ஆற்றுத் தண்ணீர். காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன பத்திரங்களை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். இந்தியா சிமென்ட்ஸ், அண்ணன் பெயர் மட்டும். நாமினி கிடையாது.

“எல்லாரும் முன்னூத்தித் தொண்ணூறுக்குக் குடுத்தாவளே தம்பி, நான் குடுக்கலியே. இதுக்கு இனிமே மதிப்பு இருக்கா?”

இருக்கிறது. பத்திரம் நனைந்தால் உரிமை கரையாது. கம்பெனியின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. ஆனால் வேலை நிறைய. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே விற்க முடியாது, டீமேட், அதாவது மின்னணுப் பங்காக ஆக்க வேண்டும். அதற்கு முன் பங்கு மதினி பெயருக்கு மாற வேண்டும். இறப்புச் சான்று, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று, பிள்ளைகள் இருவரின் சம்மதக் கடிதம், உறுதிமொழிப் பத்திரம், பான், ஆதார், வங்கி விவரம். எல்லாம் சரியாக இருந்தால் பதிவாளர் நிறுவனம் புதுப் பத்திரம் தராது, உறுதிக் கடிதம் ஒன்று தரும். அதை 120 நாளுக்குள் டீமேட் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவற விட்டு அலைகிறவர்கள் உண்டு.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்டை வாங்காமல் விட்டிருந்தால் பங்கே அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். போனாலும் திரும்பக் கேட்கலாம், ஆனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இழுக்கும். அந்த நிதியின் இணையதளத்தில் அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. மதினிக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

பங்கைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நாமினி பெயர் எழுதாத ஒரு பத்திரம் ஒரு விதவையை எத்தனை ஆபீஸ் படி ஏற வைக்கிறது என்று எழுதுகிறவர் குறைவு. பங்கு வைத்திருப்பது என்றால் இதுவும்தான்.

செப்டம்பர் 28

மளிகைக் கடைப் பையன் வந்தான். ஆண்டறிக்கையைத் திறப்பதற்குள் அவனுடைய உண்மையான கேள்வி வந்துவிட்டது. ஆப்ஷன் வாங்குகிறானாம். டெலிகிராமில் யாரோ தினமும் காலையில் சொல்கிறார்களாம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை அவனிடம் காட்டினேன்: 2021–22 முதல் 2023–24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் பியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினருக்கு நட்டம், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் மேலே எதுவும் சொல்லவில்லை.

அவன் அப்பா 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் வெளியீட்டில் 510 ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962-ல் பெயர் மாறிய வங்கி. தொண்ணூறுகளில் பெரும்பங்கு வெளியார் கைக்குப் போனபோது சமூகமே பணம் திரட்டி மீட்கப் போராடியது. அந்தப் பற்றில் வாங்கினார். பட்டியலான நாளில் சந்தையில் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. அன்றைக்கே விற்று லாபம் பார்க்க நினைத்துப் போட்டவர்கள் சோர்ந்து வெளியேறினார்கள். அண்ணாச்சி வெளியேறவில்லை, வங்கியின் வாராக்கடன் விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டுக் குறித்து வைக்கிறார் என்று பையன் சொல்லித்தான் தெரிந்தது. கடைக் கணக்கு எழுதுகிற அதே நோட்டில். ஊர்ப் பற்றும் கணக்கும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்ததில்லை.

அக்டோபர் 12

மதினியின் காகிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. இனி அவர்கள் கேட்கிற கேள்வி வேறு: “வந்ததும் வித்துரவா, வச்சிருக்கவா?”

என்ன செலவு நிற்கிறது என்று கேட்டேன். வெள்ளத்தில் அரித்த பின்சுவர், கண் புரை ஆபரேஷன். அப்படியானால் அதற்கு வேண்டிய அளவு விற்க வேண்டியதுதான். 390 போய்விட்டதே என்று அந்த விலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது ஒருவர் ஒருமுறை ஒரு தேவைக்காகக் கொடுத்த விலை. வந்தவர்கள் எல்லாருக்கும் முழுதாகக் கிடைப்பதாகவும் இல்லை: 26 சதவீதத்துக்கு மேல் விற்க வந்தால் விகிதப்படிதான் எடுப்பார்கள். மீதிப் பங்குக்கு நான் கேட்கச் சொன்னது ஒன்றுதான். இன்று கையில் இந்தப் பணம் ரொக்கமாக இருந்தால், இந்த விலைக்கு இந்தக் கம்பெனியில் போடுவீர்களா? மதினி உடனே சொன்னார்கள்: “அவிய இருந்தா போடுவாவ. நான் போடமாட்டேன்.” இவ்வளவு நேரான பதில் படித்தவர்களிடம் கிடைப்பதில்லை.

வரி பெரிதாக வராது. நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியதால் அன்றைய உச்ச விலையை அடக்க விலையாகக் காட்டலாம். மார்ச்சுக்கு முன் பாதி, ஏப்ரலில் பாதி என்று விற்றால் அந்த விலக்கு இரண்டு தடவை கிடைக்கும்.

கிளம்புகிற நேரத்தில் பேரன் ஒன்று கேட்டான். 2015-ல் கிரிக்கெட் அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்ததைத் தொடர்ந்து, இந்தியா சிமென்ட்ஸ் பங்கு ஒன்றுக்குச் சூப்பர் கிங்ஸ் பங்கு ஒன்று என்று பங்குதாரர்களுக்குக் கொடுத்தார்கள். அல்ட்ராடெக் வாங்கியதில் அது சேராது. தாத்தா பெயரில் அதுவும் இருக்க வேண்டுமே? இருக்க வேண்டும். அதற்கும் தனியாகப் பெயர் மாற்ற மனு போட வேண்டும். பட்டியலாகாத கம்பெனி என்பதால் சந்தை விலை கிடையாது. 2022 ஜனவரியில் 200 ரூபாய்க்கு மேல் பேசப்பட்டது. அதுவும் தரகர்கள் சொன்ன விலைதான். டீமேட் ஆகாமல் அதையும் கைமாற்ற முடியாது.

“அத விக்கவே கூடாது ஆச்சி, தோனி டீம்,” என்றான் பேரன். நான் அவனிடம் சொன்னது: 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிருக்கிறது. அதிலிருந்து அணிகளுக்கு வரும் பங்குதான் அந்தக் கம்பெனியின் பெரிய வருமானம். தோனி ஆடுகிறாரா என்பதைவிட 2028-க்கான ஏலம் எவ்வளவுக்குப் போகும் என்பதைப் பார். கம்பெனியின் ஆண்டறிக்கையை வாங்கி, ஒளிபரப்பில் எவ்வளவு, டிக்கெட்டில் எவ்வளவு, விளம்பரத்தில் எவ்வளவு என்று பிரித்து எழுதிக்கொண்டு வா.

மதினி முடிவு சொல்லிவிட்டார்கள். சிமென்ட் பங்கு சுவருக்கும் கண்ணுக்கும் போக மீதியும் விற்று வைப்புநிதியில். சூப்பர் கிங்ஸ் பங்கு பேரன் பெயருக்கு, அவன் அந்தக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகு. புதன்கிழமை தாலுகா ஆபீசில் இரண்டாவது வாரிசுச் சான்று நகலுக்கு மனு போட வேண்டும்; நானும் கூடப் போகிறேன்.