கல்லில் எழுதிய பெயர்

பொன்மலையில் எங்கள் எதிர்வீட்டில் வாழும் ஆங்கிலோ-இந்திய அம்மையாரைத் தெருவில் உள்ள சிறுவர் முதல் பெரியவர் வரை அனைவரும் 'ஆன்ட்டி' என்றே அழைப்பர். அவருக்கு வயது எண்பத்து நான்கு. கணவரும் இல்லை, மக்களும் இல்லை. எங்கள் மகள் லிவர்பூல் நகரில் செவிலியராகப் பணியாற்றுகிறாள் என்பதும், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்கள் அங்குச் செல்லவிருக்கிறோம் என்பதும் தெரிந்தவுடன், அவர் எங்களை வீட்டுக்கு அழைத்தார். பழைய மரப்பெட்டியிலிருந்து ஒரு செபப் புத்தகத்தை எடுத்து எங்கள் கையில் வைத்தார். தோல் அட்டை கரையானுக்குப் பாதி இரையாகியிருந்தது. முதற்பக்கத்தில் மங்கிய மையில் ஒரு பெயரும், 'லிட்டில் கிராஸ்பி, 1866' என்னும் சொற்களும் இருந்தன.

"தம்பி, இது என் கொள்ளுத்தாத்தாவின் புத்தகம். ரெயில்வே பட்டறையில் வேலை பார்க்க நாகப்பட்டினத்துக்கு வந்தவர். இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். அதனால் அவருடைய வீட்டார் அவரைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று என் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அது மெய்தானா என்று தெரிந்துகொள்ளாமல் கண்மூட எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

அக்குடும்பத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று ஆன்ட்டி கேட்டுக்கொண்டார். ஆதலின் ஊரின் பெயரை மட்டும் எழுதுகிறோம்.

தென்னிந்தியாவின் இரயில்வே வரலாற்றை அறிந்தவர்களுக்கு அவர் கூறியதில் வியப்பு இராது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரையிலான இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்தில் போடப்பட்டது. பட்டறையும் நாகப்பட்டினத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் சிற்றூர்களிலிருந்து கொல்லரும், பொருத்துநரும், எஞ்சின் ஓட்டுநரும் கப்பலேறி வந்தனர். 1928-இல் பட்டறை பொன்மலைக்கு மாறியபோது அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உடன் வந்தனர். ஆன்ட்டியின் தந்தையார் அவ்வாறு வந்தவரே.

ஏடுகளில் தேடியது

இங்கிலாந்தில் ஒருவர் தம் முன்னோரைத் தேடுவதற்கு நல்ல வழிகள் உள்ளன. 1538-ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், பங்குதோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். 1837 சூலை முதல் நாளிலிருந்து அரசாங்கமே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிந்து வருகிறது. 1841 முதல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரும் காணப்படுகிறது. 1851 முதல் அவர் பிறந்த ஊரும் சேர்ந்துகொள்கிறது.

ஆயினும் கத்தோலிக்கக் குடும்பத்தைத் தேடுவோர்க்கு இவ்வழி நேரானதன்று. 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிறன்று அரசாங்கத் திருச்சபையின் ஆலயத்துக்குச் செல்லாதவர் வாரந்தோறும் பன்னிரண்டு பென்சு தண்டம் கட்ட வேண்டும். 1581-இல் அத்தண்டம் மாதத்துக்கு இருபது பவுனாக உயர்த்தப்பட்டது. குரு ஒருவர் மறைந்து வந்து திருமுழுக்குக் கொடுத்தால், அதை ஏட்டில் எழுதுவதே ஆபத்து. அந்த ஏடு பிறர் கையில் சிக்கினால் ஊரே சிக்கிக்கொள்ளும். எனவே பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட கத்தோலிக்க ஏடுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1754 முதல் 1837 வரை கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் மணம் முடித்தால்தான் அது சட்டப்படி செல்லும். ஒரே குடும்பத்தின் திருமுழுக்கு ஓர் ஏட்டிலும், திருமணம் மற்றோர் ஏட்டிலும், அடக்கம் வேறோர் ஏட்டிலும் சிதறிக் கிடப்பது இதனால்தான்.

எங்கள் தேடல் ஓரளவு பிற்காலத்தைச் சேர்ந்தது என்பது எங்கள் நற்பேறு. லங்காஷயரின் தொண்டர்கள் பலர் பழைய பங்கு ஏடுகளை வரிவரியாகப் படியெடுத்து, எவரும் கட்டணமின்றிக் காணும்படி கணினியில் ஏற்றியிருக்கின்றனர். மகளின் வீட்டு மேசையில் அமர்ந்து மூன்று இரவுகள் தேடினோம். அக்காலக் கத்தோலிக்க ஏடுகள் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. ஜான் அவற்றில் 'யோவான்னெஸ்' ஆகிறார். ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆகிறார். ஆங்கிலேயர் சிலர் இதனால் மயங்கக்கூடும். அருளப்பனும் யாகப்பனும் நிறைந்த ஊரிலிருந்து சென்ற எங்களுக்கு அதில் மயக்கம் ஏதும் எழவில்லை.

மூன்றாம் இரவில் அந்தக் குடும்பம் அகப்பட்டது. 1851-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் ஏழு வயதுச் சிறுவன். 1861-இல் கொல்லர் பட்டறையில் பயிற்சியாள். 1871-இல் தாயும் தந்தையும் இருக்கின்றனர்; அவர் பெயர் இல்லை. தந்தையின் தொழிலைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரும் பண்ணையின் உரிமையாளர் என்று பொன்மலையில் நான்கு தலைமுறையாகச் சொல்லப்பட்டவர், அங்கே பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவராக இருந்தார்.

சிலுவை ஊர்

லிவர்பூலிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் மின்சார இரயிலில் அரை மணி நேரத்துக்குள் கிராஸ்பிப் பகுதியை அடைந்துவிடலாம். 'பிளண்டல்சேண்ட்ஸ்-கிராஸ்பி' என்னும் நிலையத்தின் பெயரிலேயே அப்பகுதியை ஆண்ட பிளண்டல் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அங்கிருந்து வயல்களுக்கிடையே நடந்தால் லிட்டில் கிராஸ்பி வருகிறது. 'கிராஸ்பி' என்பது வடகடல் கடந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் சொல். சிலுவை உள்ள ஊர் என்று பொருள்படும்.

ஒரே தெரு, இருபுறமும் கல் வீடுகள், சன்னல்களில் பூந்தொட்டிகள், தெரு முடிந்ததும் வயல்வெளி. காண்பதற்கு அவ்வளவே. ஆனால் இங்கிலாந்து முழுவதும் பழைய மறையை விட்டபோதும் விடாமல் நின்ற ஊர் இது. பதினேழாம் நூற்றாண்டில் இவ்வூரின் தலைவராயிருந்த பிளண்டல் ஒருவர், தம் ஊரில் பிச்சைக்காரரும் இல்லை, கள்ளுக்கடையும் இல்லை, பிராட்டஸ்டண்டு ஒருவரும் இல்லை என்று பெருமையாக எழுதி வைத்தார். அந்தப் பெருமைக்கு அவருடைய முன்னோர் கொடுத்த விலை பெரிது. ரிச்சர்டு பிளண்டல் தம் வீட்டில் குரு ஒருவருக்கு அடைக்கலம் தந்த குற்றத்துக்காக லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே உயிர்நீத்தார். அவர் மகன் வில்லியமும் சிறை கண்டவரே.

அந்த வில்லியம் காலத்தில் நிகழ்ந்தது இது. இவ்வூர் அன்று செஃப்டன் பங்கைச் சேர்ந்தது. அங்குள்ள கல்லறையில் கத்தோலிக்கரை அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. ஏழை மூதாட்டி ஒருவரின் உடலை உறவினர் பாதையோரத்தில் புதைக்க நேரிட்டது. உயிரோடிருப்பவர்க்குத் தண்டம், செத்தவர்க்கு மண் இல்லை என்னும் நிலையைக் காணப் பொறாமல், வில்லியம் பிளண்டல் தம் சொந்த நிலத்தில் 'ஹார்க்கர்க்' என்னுமிடத்தை வேலியிட்டு அடைத்துக் கல்லறைத் தோட்டமாக்கினார். 1611 ஏப்ரல் 7-ஆம் நாள் இவ்வூர் முதியவர் ஒருவர் அங்கு முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டார். மறுநாள் காலை, மாடுகளை ஓட்டிச் சென்ற சிறுவன் ஒருவன் புதிதாகத் தோண்டிய மண்ணில் வெள்ளிக் காசுகள் கிடப்பதைக் கண்டான். அவை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன், ஆல்பிரெட் மன்னர் முதலானோர் காலத்தில் அடிக்கப்பட்டவை. பிளண்டல் அக்காசுகளைப் படமாக வரைந்து வைத்தார். சிலவற்றை உருக்கி நற்கருணைச் சிமிழ் ஒன்று செய்வித்தார்.

பின்னர் அதிகாரிகளின் ஆட்கள் வந்து கல்லறைத் தோட்டத்தின் சுவரையும் சிலுவைகளையும் இடித்தனர். ஸ்டார் சேம்பர் என்னும் அரச நீதிமன்றம் பிளண்டலுக்கு 2,000 பவுன் தண்டம் விதித்தது. ஆயினும் 1753 வரை அங்கு அடக்கங்கள் நடந்தன. குருக்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுடைய பெயர்களை எழுதிவைத்த ஏடும் எஞ்சியிருக்கிறது. கத்தோலிக்கர் பெயரை எழுதுவதற்கே அஞ்சிய காலத்தில், மாண்ட ஏழைகளின் பெயர்களை நாளோடும் ஊரோடும் குறித்து வைத்த குடும்பம் அது. அதே குடும்பத்தில் வந்த நிக்கோலஸ் பிளண்டல் 1702 முதல் 1728 வரை எழுதிய நாட்குறிப்பில், அவரிடம் வேலை செய்தவர்களும் அண்டை வீட்டாரும் பெயரோடு வருகின்றனர்.

கல்லறையில் கண்டது

தெருவின் ஒருபுறம் புனித மரியாள் ஆலயம் நிற்கிறது; 1847-இல் கட்டப்பட்டது. ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா மூன்று வயதுக் குழந்தையாயிருந்தபோது எழும்பிய ஆலயம் அது. உள்ளே சென்று முழந்தாளிட்டபோது, நாகப்பட்டினம் செல்வதற்கு முன் அவரும் இந்தத் தரையில்தானே முழந்தாளிட்டிருப்பார் என்று எண்ணினோம்.

ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைகளில் பெரியவர் ஒருவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்ன பெயரைக் கேட்டதும் சற்று நேரம் யோசித்தார். அக்குடும்பத்தார் ஒருவரும் இப்பொழுது ஊரில் இல்லை என்றும், கடைசியாக இருந்தவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே வெளியூர் சென்றுவிட்டனர் என்றும் கூறினார். பிறகு எங்களை மதிலோரம் அழைத்துச் சென்று சாய்ந்து நின்ற ஒரு கல்லைக் காட்டினார். பாசி மூடியிருந்தது. கைக்குட்டையை நனைத்து மெல்லத் துடைத்தோம்.

மேலே தந்தையின் பெயர். அடுத்து, 1893-இல் மாண்ட தாயின் பெயர். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், செபப் புத்தகத்தில் கண்ட அதே பெயர். அவர்களுடைய மகன் என்றும், நாகப்பட்டினத்தில் 1889-இல் மாண்டார் என்றும், அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்றும் பொறிக்கப்பட்டிருந்தது. நாகப்பட்டினம் என்பதை ஆங்கிலேயர் எழுதும் வழக்கப்படி 'நெகபடம்' என்று வெட்டியிருந்தனர். அந்தத் தொலைதூரக் கிராமத்தில், அந்தப் பாசிக்கடியில், நம் கடற்கரை ஊரின் பெயர்!

இறந்த நாளும் மாதமும் சரியாக இருந்தன. ஆன்ட்டி எழுதிக்கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்படியானால் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம் இவ்வூருக்கு வந்திருக்க வேண்டும். அதைப் படித்தவர்கள் அதை எறிந்துவிடவில்லை. கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் கூலி உண்டு. நாட்கூலிக்கு உழைத்த குடும்பம் அந்தக் கூலியைக் கொடுத்திருக்கிறது. தலைமுழுகிவிட்டவனுக்கு எவர் கல் வெட்டுவர்?

மகிழ்ச்சியோடு கல்லின் அடிவரை துடைத்துப் பார்த்தோம். அதற்குமேல் எழுத்து இல்லை. அவருடைய மனைவியின் பெயரும் இல்லை. மக்கள் உண்டென்ற குறிப்பும் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவரோ, எழுதுவித்தவரோ அந்த அம்மாவாகவே இருக்கலாம். ஆனால் கல்லில் அவருக்கு இடம் இல்லாமற்போயிற்று. மனத்தாங்கலா, அறியாமையா, இன்னும் சில எழுத்துகளுக்குக் கூலி இல்லையா? கல்லைக் கேட்டால் அது சொல்லுமா? மகனையும், அவர் பெற்றோரையும், நாகப்பட்டினத்தில் துயிலும் அந்தத் தமிழ்த் தாயையும் பெயர் சொல்லி நினைந்து, மரித்தோருக்கான செபத்தைத் தமிழில் சொன்னோம். புல் செதுக்கிய பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்றார்.

கடலைப் பார்த்து நிற்பவர்கள்

மாலையில் மகள் எங்களைக் கிராஸ்பிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நூறு இரும்பு மனிதர்கள் மணலில் நிற்கின்றனர். சிற்பி அந்தோனி கார்ம்லி தம் உடலையே அச்செடுத்து வார்த்தவை; 2005-இல் அங்கு நிறுத்தப்பட்டன. எல்லாரும் கடலையே நோக்கியிருக்கின்றனர். அலை ஏறும்போது சிலர் கழுத்தளவு மூழ்கி, இறங்கும்போது மீண்டும் தோன்றுகின்றனர். அந்தக் கடல்வழியேதான் லிவர்பூலிலிருந்து எண்ணற்றோர் தாய்நாட்டை விட்டுச் சென்றனர். போனவர் திரும்புவார் என்று பார்த்து நிற்பவரைப்போல அவ்வுருவங்கள் எங்களுக்குத் தோன்றின. அந்தக் கூலியாளின் மனைவியும் இதே கரையில் எத்தனை மாலை நின்றாரோ?

ஆன்ட்டியின் முடிவு

ஊர் திரும்பும் வழியெல்லாம் எங்களுக்கு ஒரே கவலை. பண்ணை வீடு பொய்யாயிற்று என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? கல்லில் பெயர் இருப்பதை மட்டும் சொல்லி, இல்லாததை மறைத்துவிடலாமா என்றுகூடப் பேசிக்கொண்டோம். ஆனால் எண்பத்து நான்கு வயதில் உண்மையைக் கேட்டு அனுப்பியவரிடம் பாதி உண்மையைக் கொடுப்பது நேர்மையாகாது என்று முடிவு செய்து, எடுத்த படங்களை எல்லாம் அவர் மடியில் வைத்து முழுவதையும் சொன்னோம்.

கூலியாள் என்றதும் அவர் சிரித்துவிட்டார். "பண்ணை எங்கள் அப்பா கட்டியது போலிருக்கிறது" என்றார். கல்லின் படத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் அந்த ஊர்ப்பெயரைத் தடவினார். "அப்படியானால் வீட்டார் அவரைத் தள்ளவில்லை. என் அப்பா வீணாக மனம் கசந்து செத்தார்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. நாங்கள் தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னோம். ஆன்ட்டி சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அவர்கள் எழுதாததை நாம் எழுதுவோம், தம்பி" என்றார்.

அவ்வாண்டு நவம்பர் இரண்டாம் நாள், சகல ஆன்மாக்கள் திருநாளுக்கு முன்பாக, நாகப்பட்டினத்தில் உள்ள அந்தப் பழைய கல்லறையைச் செப்பனிட ஏற்பாடு செய்தோம். அதில் முன்பு கணவரின் பெயர் மட்டுமே இருந்தது. இங்கும் அந்த அம்மாவின் பெயரை எவரும் எழுதவில்லை என்பதை அன்றுதான் நாங்களே கவனித்தோம். கடல் கடந்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று நாணினோம். அவருடைய தாய் தந்தை யார், எந்த ஊர் என்று அறிய ஏடு ஏதுமில்லை. ஆன்ட்டியின் தந்தையார் முன்னரே படியெடுத்து வைத்திருந்த திருமணப் பதிவில் அவருடைய ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருந்தது. அந்த ஒரு பெயரைக் கல்லில் வெட்டச் செய்தோம். அதன்கீழே, லிட்டில் கிராஸ்பியில் துயிலும் மாமனார் மாமியாரின் பெயர்களையும் சேர்க்கும்படி ஆன்ட்டி கூறினார்.

அன்பு வாசகர்களே, உங்கள் குடும்பக் கல்லறைகளிலும் எழுதப்படாத பெயர்கள் இருக்கும். வீட்டில் முதியவர் ஒருவர் உயிரோடிருந்தால் இன்றைக்கே அவர் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பாட்டனாரின் பெயரோடு பாட்டியாரின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் எழுத மறவாதீர்கள்.