சுபேதார் வீட்டு பெல் ஹவுசிங்!

ஜோங்காவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: ஜீப்புக்கு அண்ணன், லாரிக்குத் தம்பி, பெட்ரோல் பங்க்காரருக்கு மாப்பிள்ளை!

'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி' என்பதில் அங்கங்கே எழுத்துப் பொறுக்கிக் கோத்த பெயர் அது. நிஸ்ஸான் பேட்ரோல் என்ற ஜப்பான் வண்டியின் நம்மூர்ப் பதிப்பு. ராணுவத்துக்காக ஜபல்பூரில் 1999 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஆபீஸ் வாசலில் நிற்கிற சின்னக் கார்களில் நாலைச் சேர்த்தால் ஒரு ஜோங்கா. மைலேஜ்? லிட்டருக்கு நாலு. வண்டிக்குச் சொந்தக்காரர் சொன்னால் அஞ்சு.

2019-ல் தோனி ராஞ்சியில் ஒரு பச்சை ஜோங்கா ஓட்டிக்கொண்டு போன படம் பேப்பரில் வந்தது. வந்தது வினை! எங்கள் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் பி.எஃப். லோன் போட்டு, ராணுவ ஏலத்தில் போய் மூன்று கை மாறிய கண்டம் வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். அன்று முதல் அவருக்கு ஆபீஸில் பெயர் 'ஜோங்கா பார்ட்டி'. கனவு என்ன தெரியுமோ? அதில் லடாக் போக வேண்டுமாம். லிட்டர் நூறு ரூபாயைத் தொட்ட பெட்ரோலை ஊற்றி லடாக் போனால், திரும்பி வர இன்னொரு லோன் போட வேண்டும். ஆகவே, டீசல் எஞ்சின்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய பெட்ரோல் லாரிகள் உலகம் பூரா மலிவாகக் கிடைத்தன. அவற்றின் வயிற்றைக் கிழித்து, பெர்கின்ஸ் பி-6 என்ற இங்கிலாந்து டீசல் எஞ்சினை உட்கார வைப்பதே அப்போது பெரிய தொழில். மாற்றுவதற்கான செட்டைக் கம்பெனியே விற்றது. நம்ம சென்னை சிம்ப்சன் கம்பெனியும் 1950-களில் பெர்கின்ஸ் எஞ்சின் செய்ய ஆரம்பித்தது. தாத்தாக்கள் பெருமூச்சோடு சொல்வார்களே ஃபார்கோ லாரி... அதற்குள் இருந்ததும் அந்த பெர்கின்ஸ்தான்.

ஜோங்காவுக்கும் அப்படி ஒரு யோகம் வந்தது. 1996-ல் ஜபல்பூர்க்காரர்களே அசோக் லேலண்டின் ஹினோ டீசல் எஞ்சினை வைத்துப் பொதுஜனத்துக்கு விற்றுப் பார்த்தார்கள். சொற்ப வண்டிகள்தான் போயின. அப்புறம் ஜோங்காவே நின்றுவிட்டது. எஞ்சின் பிரச்னை இல்லை. பழைய இரும்புக் கடையில் எப்படியும் ஒன்று மாட்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் முடிச்சுப் போடுகிற மணி மாதிரியான வார்ப்பு ஒன்று இருக்கிறது, 'பெல் ஹவுசிங்' என்று. ஒரு பக்க ஓட்டைகள் ஹினோவுக்குப் பொருந்த வேண்டும், மறுபக்கம் ஜோங்காவுக்கு. சம்பந்தி வீடுகள் இரண்டையும் சமாளிக்கிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அதுதான் கிடைக்காது.

சென்னை புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்தோம். "ஜோங்கா, சக்திமான் அயிட்டம் இருக்கா?" என்று ஜோங்கா பார்ட்டி கேட்க, ஒரு கடைக்காரர், "சக்திமானா? டிவியில சுத்திச் சுத்தி வருவாரே, அவரா?" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் 1959-ல் ஆரம்பித்த சக்திமான் லாரி 1996-ல் நின்றது. அடுத்த வருஷமே டிவி சக்திமான் வந்துவிட்டார். நாடு எந்த சக்திமானை ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

கடைசியில் ஒரு கிழவர், கிரீஸ் கையைத் துடைத்தபடியே சொன்னார்: "இங்க தேடாதீங்க. வேலூர் தாண்டி கணியம்பாடி பக்கம் போங்க. மிலிட்டரிக்காரங்க ஊரு. சாமான் இல்லாட்டியும், சாமான் எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளு இருப்பாரு."

கணியம்பாடி, வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் இறங்குகிற ஊர் இல்லை. டீக்கடை, டயர் பஞ்சர் கடை, தூரத்தில் ஜவ்வாது மலையின் நீலக் கோடு. ஆனால், பக்கத்திலேயே கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். அதற்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர். இந்தப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால், பக்கத்து பெஞ்சில் தினத்தந்தி படிக்கிறவர் லே, தேஜ்பூர், ஜோத்பூர் எல்லாவற்றையும் பக்கத்துத் தெரு மாதிரி பேசுவார்.

நாங்கள் தேடிப்போனவர் ஓய்வு பெற்ற சுபேதார். ராணுவ வண்டிகளை ரிப்பேர் செய்கிற ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்தவர். எழுபது வயதிலும் முதுகு ஸ்கேல் வைத்த மாதிரி. வீட்டுப் பக்கத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை. உள்ளே 1973-ம் வருஷத்து ஜோங்கா. ஜோங்கா பார்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் போனார்!

"வாங்க தம்பி. இன்னா வேணும்?"

சொன்னோம். சுபேதார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பைண்டு செய்த ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். அட்டையில் 'எதுக்கு எது' என்று எழுதியிருந்தது.

ஐயா, அந்த நோட்டை நான் கும்பிட்டேன். இந்த வண்டி சாமான் நின்றுபோனால், வேறு எந்த வண்டியின் எந்தச் சாமான் அப்படியே உட்காரும், எதை எத்தனை மில்லிமீட்டர் கடைந்தால் உட்காரும் என்று இருபத்தைந்து வருஷமாகக் குறித்து வைத்திருக்கிறார். பேரிங்குக்கு ஒரே ஒரு பக்கம்தான். "பேரிங்குக்கு ஜாதி மதம் கெடையாது தம்பி. 6205-னு நம்பர் இருந்தா உள்வட்டம் 25, வெளிவட்டம் 52, கனம் 15 மில்லிமீட்டர். ஜப்பான்ல வாங்கினாலும் அதான், ஆம்பூர்ல வாங்கினாலும் அதான். கம்பெனி மூடினாலும் பேரிங் சாவாது. பெல் ஹவுசிங்குக்கு அப்பிடி நம்பர் இல்ல பாரு, அதான் லொள்ளு."

டீசல் போடுவதில் இருக்கிற மற்ற வில்லங்கங்களும் நோட்டில் இருந்தன. டீசல் எஞ்சின் கனம், ஆகவே முன் பக்கப் பட்டை தாங்காது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேகத்தில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. பூஸ்டர் போட ஆசைப்பட்டால், வாக்குவம் பம்ப் வாலில் ஒட்டிய ஆல்டர்னேட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். ஜோங்கா பார்ட்டி செல்போனில் டைப் அடித்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் மீட்டிங்கில் அவர் இப்படிக் குறிப்பெடுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு பக்கத்தில் வெறுமே 'தோல்' என்று எழுதியிருந்தது. கேட்டேன். ஜோங்காவின் முன் ஆக்ஸிலில், சக்கரத்தைத் திருப்புகிற உருண்டையைச் சுற்றி ஒரு சீல் உண்டு. அது கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே. ரப்பர் சீல் கிடைக்காமல் போன ஒரு வருஷம், சுபேதார் நேராக ஆம்பூருக்குப் போயிருக்கிறார், ஷூ கம்பெனிக்குத் தோல் பதம் செய்கிற சொந்தக்காரர் ஒருவரிடம். மரப்பட்டைச் சாற்றில் பதம் செய்த கனத்த தோல் துண்டு. தண்ணீரில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்தி, காய்ந்ததும் சூடான மெழுகில் முக்கி எடுத்தால்... சீல் ரெடி! ரப்பர் வருவதற்கு முன்னால் ஆயில் சீல் எல்லாமே தோல்தானாம். நம்பாவிட்டால் பழைய சைக்கிள் பம்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே குட்டித் தொப்பி மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். "குரோம் தோலு வேணாம், அது செருப்புக்குத்தான். வளைச்சா நிக்காது" என்றார் சுபேதார்.

அப்புறம் கொட்டகை மூலையில் சாக்கை விலக்கிக் காட்டினார். அசல் ஹினோ-ஜோங்கா பெல் ஹவுசிங்! 2002-ல் அவரே தம் வண்டிக்கு டீசல் போட்டவர்தான். இப்போது கழற்றிவிட்டார்.

"ஏன் சார்?" ஜோங்கா பார்ட்டிக்குத் தொண்டை அடைத்தது.

"ஜனவரி 26-க்கு ஊர்ல இருக்கிற பழைய ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு வருவேன் தம்பி. டீசல் போட்டப்புறம் ஒருத்தனும் சந்தோஷமா ஏறல. 'சுபேதார் சாப், சத்தம் வேற மாதிரி இருக்கே'ங்கிறான். லாரி மாதிரி கத்துது. இது நாங்க ஓட்டின வண்டியே இல்ல. வருஷத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்றதுக்கு மைலேஜ் என்னா மைலேஜ்?"

சர்க்கார் விதியும் ஒன்று சேர்ந்துகொண்டது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் வழி வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து, கட்டணம் இருபதாயிரம் ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிசாக மாற்றியிருக்கக் கூடாது. நல்லவேளை, பழைய பெட்ரோல் எஞ்சினை அவர் விற்கவில்லை; தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். குறைவது ஒரே ஒரு சாமான். கார்புரேட்டர். எலி கூடு கட்டி, உடம்பெல்லாம் அரித்துப்போய்விட்டது.

ஜோங்கா பார்ட்டி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டீசல் போடுகிற உற்சாகத்தில் அவர் முதல் மாதமே கழற்றிய கார்புரேட்டர், வீட்டில் கட்டிலுக்கு அடியில் பேப்பர் சுற்றிக் கிடக்கிறது. 'அந்த எழவை எடுத்துப் போடுங்க' என்று அவர் மனைவி வாராவாரம் சொல்லும் அதே கார்புரேட்டர்!

விலை பேச்சே எழவில்லை. அடுத்த ஞாயிறு பண்டமாற்று என்று முடிவானது. சுபேதார் வீட்டம்மா மோர் கொடுத்தார். ஜோங்கா பார்ட்டி மெதுவாக, "அந்த நோட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா சார்?" என்றார். சுபேதார் கொஞ்ச நேரம் யோசித்தார். பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். இந்த நோட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லையாம்.

"எடுத்துக்க. ஆனா போட்டோவை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. பாதி என் மண்டையில இருக்கு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வா. பக்கம் பக்கமா சொல்றேன்."

அடுத்த வாரம் கார்புரேட்டர் போனது, பெல் ஹவுசிங் வந்தது. பஸ்ஸில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "கோயில் மணியா சார்? லக்கேஜ் எடுங்க" என்றார். ஜோங்கா பார்ட்டி பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, டிக்கெட்டை வாங்கிப் பர்ஸில் பத்திரப்படுத்திக்கொண்டார்.