வாடகை இல்லாத ஊரிலிருந்து ஒரு ரயில்

விடிய இன்னும் நேரமிருக்கிறது. மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் டிபன் பாக்ஸும் கையுமாக ஒரு கூட்டம். கோலார் தங்கவயலின் கடைசி நிலையம் இது. வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை வாரிக்கொண்டு பங்காருப்பேட்டை போய், அங்கிருந்து பெங்களூருக்குத் திரும்புகிறது. செக்யூரிட்டி காவலர்கள், துணிக்கடைப் பெண்கள், தொழிற்சாலை ஊழியர்கள். பேச்செல்லாம் தமிழ், நடுநடுவே கன்னடம்.

இந்தப் பாதை போடப்பட்டதே சுரங்கத்துக்காகத்தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழை மக்கள், பெரும்பாலும் தலித்துகள், பிழைப்பு தேடி இங்கே வந்து சேர்ந்தார்கள். பாட்டன்மார் கூலிக்காக இந்த ஊருக்கு வந்தார்கள். பேரன்மார் கூலிக்காகத் தினமும் ஊரை விட்டுப் போகிறார்கள்.

"அப்போ சம்பளம் கொஞ்சம்தான் சார். ஆனா வாடகைன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது" என்கிறார் சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்த ஒரு முதியவர். லைன் வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, எல்லாமே கம்பெனி பொறுப்பு. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூர் அதற்கு மூன்று வருஷம் காத்திருந்தது. அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. வீடு என்பது ஓர் அறை, கழிப்பறை பொது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, உடம்பைப் பொசுக்கும் சூட்டில் வேலை. பாறை வெடித்து இறந்தவர்கள் போக, தூசி நுரையீரலில் படிந்து இருமியே செத்தவர்கள் ஏராளம். சம்பளச் சீட்டில் வராத பிடித்தம் அது.

பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தங்கம் விற்கிற விலைக்கு அதைத் தோண்டுகிற செலவு கட்டுபடியாகவில்லை என்பது காரணம். அந்த வருஷம் 10 கிராம் சுமார் 4,300 ரூபாய். 2025-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்த ரயிலில் வருகிற யாருடைய கூலியும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

நோட்டுக் கணக்கில் பேரனின் சம்பளம் பெரிதுதான். தாத்தாவுக்குச் சம்பளத்தோடு வந்த ஆஸ்பத்திரியை இவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெங்களூரில் ஓர் அறை பார்க்கலாமே என்றால், கிருஷ்ணராஜபுரத்தில் வேலை பார்க்கும் இளைஞர் சிரிக்கிறார். "பத்து மாச வாடகை அட்வான்ஸ் கேப்பாங்க சார். அதுக்கப்புறம் வீட்டுக்கு என்ன குடுக்கிறது?" சீசன் டிக்கெட் மலிவு. ஆகவே வாடகையை நேரமாகக் கட்டுகிறார்: போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. குழந்தை தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகு திரும்புகிறார்.

ஊருக்குள் சயனைடு மேடுகள் சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கின்றன. காற்றடித்தால் தூள் வீட்டுக்குள் வரும். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. செய்தியைச் சொன்னதும் முதியவர் ஒன்றுதான் கேட்டார்:

"அதுல எத்தனை பேருக்கு வேலை சார்?"