பெயர் திரும்பிய கப்பல்

எங்கள் ஊரின் பெயரில் ஒரு பழைய போர்க்கப்பல் இங்கிலாந்தில் நிற்கிறது. சென்ற மாதம் தையல் வகுப்பில், தேநீர் குடிக்கும் நேரத்தில், அந்தக் கதையைச் சொன்னேன்.

'ட்ரிங்கோமலி' என்பது அதன் பெயர். திருகோணமலை வெள்ளைக்காரர் வாயில் அப்படித்தான் ஆனது. 1817 ஒக்டோபரில் பம்பாயில், ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர் மலபார் தேக்கில் கட்டியது. 1819இல் அது போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியனோடு நடந்த யுத்தம் முடிந்து நாலு வருடம். சண்டைக்கென்று செய்த கப்பலுக்குச் சண்டை இல்லை. பாய்மரமின்றி, மேலே கூரை போட்டு, சுமார் 25 வருடம் துறைமுகத்தில் கட்டிவைத்தார்கள். பிறகு 1847 முதல் 1857 வரை கடலில் ஓடியது. அதன்பின் பயிற்சிக் கப்பல்.

1897இல் உடைப்பதற்கென்று விற்றுவிட்டார்கள். வீட்லி கொப் என்பவர் வாங்கிக் காப்பாற்றினார். அவரது முந்திய கப்பல் அதே வருடம் புயலில் சிதைந்திருந்தது. அந்தக் கப்பலின் பெயரான 'ஃபுட்ரோயன்ட்' என்பதையே இதற்கும் வைத்தார். ஏறக்குறைய 90 வருடம் அந்தப் பெயர்தான். ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் 1990இல் திருத்த வேலை தொடங்கி 2001இல் முடிந்தது. இடையில் 1992இல் சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. போர்க்கப்பலில் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் தைப்பதை நிறுத்தினார். "பிள்ளை, ஆர் போய்க் கேட்டு அந்தப் பேரை எடுத்தது?"

2006இல் இடம்பெயர்ந்தபோது அவருடைய பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது. முகாமில் பதிந்தவர் பெயரைப் பிழையாக எழுத, அந்தப் பிழையே அடையாள அட்டை வரை ஏறிவிட்டது. விவாகப் பதிவில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர். இறந்த கணவருக்கான நட்டஈட்டுக் கோவை இரண்டு தடவை திரும்பி வந்தது. பதிவேட்டில் பெயர் என்பது சமூகவியல் வகுப்பில் நான் பரீட்சைக்குப் படித்த விடயம். அக்காவுக்கு அது அரிசிக் காசு.

"அந்த ஊர்ச் சனம் சேர்ந்து செய்தது அக்கா" என்றேன்.

"கப்பலுக்குப் பொறுக்கும். எனக்கு 90 வருஷம் இல்லை."

அடுத்த கிழமை இருவரும் அவர் படித்த பாடசாலைக்குப் போனோம். பழைய சேர்வு இடாப்பில், கரையான் அரித்த பக்கத்தில், அவர் பெயர் சரியாக இருந்தது. அதிபர் பிரதி எடுத்து ஒப்பமிட்டுத் தந்தார். அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அந்தப் பிரதியை மடிக்காமல் மடியில் விரித்தே வைத்திருந்தார்.