ஒரு வீட்டுக்கு எத்தனை ஜாகா?

ஓர் உறையில் இரண்டு வாள் இருக்க முடியாது என்பார்கள். வாளைக் கண்ணால் பார்த்திராத நம் தலைமுறைக்கு இந்தப் பழமொழியை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், வீட்டுக் கணினியைக் காட்டலாம். ஒரே கணினியில் இரண்டு ஆண்டிவைரஸ் நிரல்களைப் போட்டுப் பாருங்கள். பழமொழி தானாகப் புரிந்துவிடும்.

'பாதுகாப்பு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?' என்று கேட்கத் தோன்றும். வாசல் கிரில்லுக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒரு பூட்டு என்று இரண்டு போடுகிறோம். ஒரு பூட்டு இன்னொரு பூட்டைச் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஆண்டிவைரஸ் பூட்டு அல்ல, அது காவலாளி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜாகா. ஜாகாவுக்குக் கண் உண்டு, சந்தேகம் உண்டு, கையில் தடியும் உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜாகாக்களை ஒரே வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை, 2022-ஆம் ஆண்டின் இறுதியில், பருவ விடுமுறைக்கு வீடு திரும்பியபோது என் அப்பாவின் கணினியில் கண்டேன்.

அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள், எந்தக் குடும்பம் எந்த ஆண்டு எங்கே பெயர்ந்து போனது, திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம், தமிழ்ப்பள்ளியில் யார் யார் படித்தார்கள் என்பதையெல்லாம் அப்பா இருபது ஆண்டுகளாகக் கணினியில் தட்டச்சு செய்து வருகிறார். அவர் தொடங்கியபோது யூனிகோடு நம்மிடையே பரவவில்லை. ஆகவே ஒரு பழைய தட்டச்சு நிரல், அதனுடன் வந்த எழுத்துரு, அவ்வளவுதான் அவருடைய அச்சகம். அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அப்பா இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கணினியை முடுக்கினால் திரை வர கால் மணி நேரம். ஒரு கோப்பைச் சேமிக்கச் சொன்னால் சுட்டி நின்றுவிடும். ஒருநாள் அந்தத் தட்டச்சு நிரலே காணாமல் போய்விட்டது. 'எதையோ தொட்டுத் தொலைத்துவிட்டார்' என்பது வீட்டார் முடிவு. அப்பாவும் அதையே நம்பிவிட்டார். "வயசாயிடுச்சும்மா. எனக்கும் அதுக்கும் ஒத்து வரல. இதோட விட்டுடுறேன்" என்றார். எனக்கு அதுதான் பெரிய கவலையாகப் பட்டது. அந்தப் பெயர்களையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஆள் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். யாரும் எதையும் தொடாதபோதே வன்தட்டின் பயன்பாடு நூறு விழுக்காட்டில் நின்றது. மேலே இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒன்று, சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் பணம் கட்டி நிறுவியது. மற்றொன்று, கணினியைச் சுத்தம் செய்து கொடுத்தபோது மாமா போட்டுவிட்ட இலவச நிரல். இவை போதாதென்று, கணினி வாங்கியபோதே உடன் வந்து சந்தா முடிந்துபோன மூன்றாவது ஒன்றின் மிச்சமும் உள்ளே இருந்தது. எல்லாம் அப்பாவின் மீதுள்ள அக்கறையால் வந்தவைதான்.

இவை ஏன் மோதிக்கொள்கின்றன? ஆண்டிவைரஸின் முக்கிய வேலை நிகழ்நேரக் கண்காணிப்பு. எந்தக் கோப்பு திறக்கப்பட்டாலும் அதை வழியிலேயே நிறுத்திச் சோதித்த பிறகே விடும். இதற்காக அது இயங்குதளத்தின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நிரல்கள் அங்கே உட்கார்ந்தால், முதலாவது சோதிப்பதற்காகத் திறக்கும் கோப்பை இரண்டாவது மறித்துச் சோதிக்கும். இரண்டாவது திறப்பதை முதலாவது மறிக்கும். ஒரு கோப்புக்கு இப்படியென்றால், கணினி முடுக்கம் பெறும்போது திறக்கப்படும் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு எப்படி இருக்கும்? மேலும், ஒவ்வொன்றிடமும் வைரஸ்களின் அடையாளப் பட்டியல் உண்டு. பிடித்த கோப்புகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் அறையும் உண்டு. ஒன்றின் அறையை மற்றது எட்டிப் பார்த்தால், 'இங்கே வைரஸ் இருக்கிறது' என்று அதையே பிடிக்கக்கூடும். திருடனை அடைத்து வைத்த ஜாகாவையே திருடன் என்று இன்னொரு ஜாகா பிடிப்பது போல.

அப்பாவின் தட்டச்சு நிரலும் இப்படித்தான் சிக்கியது. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் கவனித்துத் தமிழாக மாற்றுவது அதன் வேலை. கடவுச்சொல்லைத் திருடும் நிரல்களும் விசைகளைத்தான் கவனிக்கின்றன. நடத்தையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு நிரல் அதைப் பிடித்து வைத்தது. அண்ணன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அப்பா அதை விடுவித்தார். விடுவித்த அடுத்த நொடி மற்ற நிரல் பிடித்துக்கொண்டது. அப்பா எதையும் தொலைக்கவில்லை.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு பெரிய சாட்சி உண்டு. அப்போது பிளாஸ்டர் என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. அதே மாதத்தில் வெல்ச்சியா என்ற இன்னொன்று வந்தது. அது யாரையும் கேட்காமல் கணினிகளுக்குள் புகுந்து, பிளாஸ்டரை அழித்து, ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் இறக்கிப் போட முயன்றது. உதவி செய்யத்தான் வந்தது போலும்! ஆனால் அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய சமிக்ஞைகளின் வெள்ளத்தில் பல நிறுவனங்களின் வலையமைப்புகள் திணறின.

இனிச் சரி செய்த விதம். வரிசை மாறினால் காரியம் கெடும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் கோப்புகளையும் எழுத்துருவையும் பென்டிரைவில் படியெடுத்தேன். அடுத்தது தட்டச்சு நிரல். அது கிடைத்த இணையத்தளம் எப்போதோ மறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே படி அந்தத் தனிமை அறையில்தான் இருந்தது. ஆண்டிவைரஸை நீக்கினால் அதன் தனிமை அறையும் சேர்ந்து போய்விடக்கூடும். ஆகவே இணைய இணைப்பைத் துண்டித்து, இரண்டின் கண்காணிப்பையும் சில நிமிடங்கள் நிறுத்தி, நிரலை விடுவித்துப் பென்டிரைவுக்குக் கொண்டுவந்தேன். அப்பா பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது உண்மையிலேயே நல்ல நிரல்தானா என்பதையும் பார்க்க வேண்டுமே! 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வைரஸ்டோட்டல் என்ற சேவை, ஒரு கோப்பைப் பல ஆண்டிவைரஸ்களைக் கொண்டு சோதித்துச் சொல்கிறது. என் மடிக்கணினி வழியாக நிரலை அங்கே அனுப்பினேன். பெரும்பாலானவை குற்றமில்லை என்றன. சந்தேகப்பட்ட சிலவும் எந்த வைரஸின் பெயரையும் குறிப்பிடாமல், பொதுவான சந்தேகத்தையே சொல்லின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலரிடம் கருத்துக் கேட்பது தவறில்லை. கேட்கும்போது மட்டும் சோதிக்கும் இரண்டாவது நிரலால் பொதுவாக மோதல் வராது. நிரந்தரமாக வாசலில் நிற்பதுதான் ஒருவராக இருக்க வேண்டும். (தனிப்பட்ட ஆவணங்களை அந்தச் சேவைக்கு அனுப்பாதீர்கள், அனுப்பியது பிறர் கைக்கும் போகலாம்.)

எந்த நிரலை வைத்துக்கொள்வது என்பதில்தான் உண்மையான மோதல் வந்தது. "காசு கட்டி வாங்குனது, எடுக்காதே" என்றார் அண்ணன். "என்னோடது லேசானது, கணினிக்குப் பாரமே இல்ல" என்றார் மாமா. இருவரும் அப்பாவிடம் ஒரு சொல் கேட்டதில்லை. நான் கேட்டேன். அப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எந்த ஜாகா கம்மியா பேசுறானோ, அவன் இருக்கட்டும்மா" என்றார்.

அவர் சொன்னதில் கணினி அறிவும் இருந்தது. 2012-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதல், இயங்குதளத்துடனேயே டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸ் வருகிறது. வேறொன்றை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும்; மற்றவை போய்விட்டால் தானாகத் திரும்ப வரும். எழுதுவதும் மின்னஞ்சல் பார்ப்பதுமாக இருக்கும் அப்பாவுக்கு அது போதும்.

ஒவ்வொன்றாக நீக்கினேன். மாமாவின் நிரல் வழக்கமான முறையில் போயிற்று. அண்ணனுடையது நகரவில்லை; தன்னை யாரும் அழிக்காதபடி தற்காத்துக்கொள்வது ஆண்டிவைரஸின் இயல்பு. அதற்கும், பழைய மூன்றாவதன் மிச்சத்துக்கும், அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதனதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, சேஃப் மோடில் இயக்கினேன். ஒவ்வொரு முறையும் கணினியை மறுமுடுக்கம் செய்தேன். இறுதியில் டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று அறிய, ஐகார் சோதனைக் கோப்பைப் போட்டுப் பார்த்தேன். வெறும் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற கோப்பு அது. ஆண்டிவைரஸ்கள் அதைப் பிடிப்பதென்று பொது ஏற்பாடு. உடனே பிடித்தது. தட்டச்சு நிரல் ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். அண்ணன் தம் சந்தாவைத் தம் மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்பது வேறு கதை. அப்பா அன்றிரவே மூன்றாவது லயத்துக் குடும்பங்களை எழுதத் தொடங்கினார். அதன்பின் பழைய கோப்புகளை இருவருமாக யூனிகோடுக்கு மாற்றினோம்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெற்றோரின் கணினியை ஒரு முறை திறந்து பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்ற இடத்தில் எத்தனை காவலாளிகள் நிற்கிறார்கள் என்று தெரியும். அது விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கு எந்த ஆண்டிவைரஸும் முழு மாற்றாகாது.

படித்துப் பட்டம் பெறுகிற நாம், வீட்டுப் பெரியவர்களைப் பாதுகாக்க ஆளுக்கொன்றைச் செய்கிறோம். அவர்களுடைய கைபேசியில், வங்கிக் கணக்கில், மருந்துப் பெட்டியில் என்று எங்கும் நம் ஏற்பாடுகள். பிறகு ஏதேனும் தடுமாறினால், 'வயதாகிவிட்டது' என்று அவர்கள் மீதே பழியைப் போடுகிறோம். புதிதாக ஒன்றை நிறுவுவதற்கு முன், ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பார்த்த பிறகு, அந்தக் கணினியின் முன் தினமும் உட்காருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.