குவளை என்றொரு சொல்

மண்ணாடிப்பட்டு கொம்யூனில், திருக்கனூர் கடைத்தெருவில் ஏதாவது ஒரு டீக்கடையில் போய் நின்று, "அண்ணே, ஒரு குவளை டீ குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார். நாடகத்தில் நடிக்கிற பையன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீயை ஆற்றிக் கொடுத்துவிடுவார்.

கடையில் அது கிளாஸ். வீட்டில் டம்ளர். கொஞ்சம் பெரிதாக இருந்தால் சொம்பு. செம்பால் செய்ததால் செம்பு, அதுவே பேச்சில் சொம்பு ஆனது. இன்று எவர்சில்வரில் இருந்தாலும் பிளாஸ்டிக்கில் இருந்தாலும் அது சொம்புதான். பொருள் மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. குவளைக்கு நடந்ததோ நேர் எதிர். பொருள் எல்லா வீட்டிலும் இருக்கிறது, பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் அந்தச் சொல் எங்கே போனது? பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கதைகளில் இருக்கிறது. நாளிதழில் அது வந்தால் பெரும்பாலும் முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்: இரட்டைக் குவளை.

குவளை என்பது முதலில் ஒரு பூவின் பெயர். குளத்திலும் சுனையிலும் பூக்கிற பூ. பெண்ணின் கண்ணுக்கு உவமை தேடிய பழைய புலவர்கள் அடிக்கடி போய் நின்றது இந்தப் பூவிடம்தான். 99 பூக்களை வரிசையாகச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டிலும் இதற்கு இடம் உண்டு. அதே பெயர்தான் குடிக்கிற பாத்திரத்துக்கும். இவ்வளவு அழகான சொல், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் எது என்று பாருங்கள்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு கிளாஸ், சேரிக்காரர்களுக்கு வேறு கிளாஸ். இதுதான் இரட்டைக் குவளை. முன்பு சில ஊர்களில் கிளாஸ்கூடக் கிடையாது, கொட்டாங்குச்சிதான். பிறகு தனி கிளாஸ் வந்தது. குடித்தவரே கழுவி, தனியாக ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரியும். ஒரே பால், ஒரே தூள், ஒரே விலை. வாங்குகிற காசில் தீட்டு இல்லை, கல்லாப்பெட்டியும் ஒன்றுதான். சர்க்கரையை அளந்து போடுகிற கடைக்காரர், கிளாஸை மட்டும் இரண்டு செட் வாங்கி வைக்கிறார். வீண் செலவுதானே? இல்லை. ஒரே கிளாஸ் வைத்தால் மற்ற வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. ஆக, அந்த இரண்டாவது செட்டைக் கேட்பது கடைக்காரர் மட்டுமல்ல, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற எல்லோரும்தான்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு, பொது உணவகங்களில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

ஆனாலும் 2022 டிசம்பரில் என்ன நடந்தது? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்க ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனார்கள். போன இடத்தில் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் தெரியவந்தது. வழக்குப் பதிவானது. தண்ணீர்த் தொட்டிக்காகப் போயிராவிட்டால் அந்தக் கிளாஸ்கள் கண்ணில் பட்டிருக்குமா?

இங்கேதான் அந்தச் சொல்லின் அருமை புரிகிறது. இந்தப் பழக்கத்தை வைத்திருப்பவர்கள் அதற்குப் பெயர் சொல்வதில்லை. 'அது', 'அந்தப் பக்கம் இருக்கிறது' என்று கை காட்டுவதோடு சரி. பெயர் இல்லாதவரை அது வெறும் வழக்கம். இரட்டைக் குவளை என்று சொன்ன பிறகு அதை மனுவில் எழுதலாம், காவல் நிலையத்தில் சொல்லலாம், செய்தியாகப் போடலாம். புழக்கத்தில் செத்துப்போன ஒரு சொல், ஒரு குற்றத்துக்குப் பெயராகி உயிரோடு இருக்கிறது.

இப்போது பேப்பர் கப் வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சரி. சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குப் பார்த்த உடனே பேப்பர் கப் என்றால்? கழுவுகிற வேலை மிச்சம், மூலையில் அடுக்குகிற வேலை மிச்சம், சாட்சியும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அங்கே குவளையே இல்லை, ஆனாலும் அது இரட்டைக் குவளைதான்.

அடுத்த முறை வெளியூரில் டீ குடிக்கும்போது உங்கள் கையில் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் கையையும் ஒருமுறை பாருங்கள்.