ஆச்சியின் ஒட்டுப் போர்வை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மானிப்பாய், சங்கானை, மூளாய் முதலிய ஊர்களைக் கடந்து செல்லும் பேருந்து பொன்னாலையை அடைந்ததும் இருமருங்கும் கடல் விரிகின்றது. ஆழமில்லாத அக்கடலிலே மீன்பிடிப்போர் நாட்டிய தடிகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின்மேல் நீர்ப்பறவைகள் அசையாது அமர்ந்திருக்கும். நடுவே கிடக்கும் நீண்ட தாம்போதியைத் தாண்டினால் காரைநகர். காரைதீவு என்று முன்னோர் அழைத்த ஊர் இப்பெயரைப் பெற்றது 1920களிலேயாகும்.

கடந்த மார்கழித் திருவாதிரைக்கு நாம் மனைவி மக்களுடன் அவ்வழியே சென்றோம். திண்ணபுரத்து ஈழத்துச் சிதம்பரத்திலே கூத்தப்பிரானைத் தரிசிப்பது ஒரு நோக்கம். மற்றொரு காரியமும் இருந்தது. ரொறன்ரோவில் வாழும் எமது தமக்கையார், “ஆச்சியின் போர்வை பெட்டகத்துக்குள்ளே கிடந்து பூச்சி அரிக்கப் போகிறது. அதை நாலாக வெட்டி எங்கள் நாலு பேருக்கும் ஒவ்வொரு துண்டு அனுப்பிவிடு தம்பி” என்று எழுதியிருந்தார். இலண்டனிலுள்ள தம்பியும் அதற்கு உடன்பட்டிருந்தான். எமக்கோ மனம் ஒப்பவில்லை. ஆயினும் தமக்கை சொல்லைத் தட்டவும் இயலவில்லை. கத்தரிக்கோல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே பயணப்பட்டோம்.

களபூமியிலுள்ள பழைய வீட்டிலே இப்போது எமது சின்னம்மா குடியிருக்கின்றார். அவர் பெட்டகத்தைத் திறந்து போர்வையை எடுத்து ஓலைப்பாயின்மேல் விரித்தார். வேப்பிலைச் சருகின் மணம் அறையெங்கும் பரவிற்று.

வாசகர்கள் வியப்புறலாம். வெயில் எரிக்கும் காரைநகரிலே போர்வைக்கு என்ன வேலை? வாடைக்காற்று வீசும் மாரிகாலத்து விடியற்காலைகள் சிலவற்றைத் தவிர வேறு வேலை இல்லைதான். ஆனால் வீட்டிலே துணி சேர்ந்துகொண்டே இருந்தது. காகம் பறக்காத இடமும் காரைதீவார் போகாத இடமும் இல்லை என்பது நம்மவர் வழக்கு. ஊரின் ஆடவர் இலங்கையின் பட்டினந்தோறும் கடை வைத்தார்கள். சிலர் மலாயாவுக்குப் போய் உத்தியோகம் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புவோர் கையிலே துணிப் பொட்டலம் இருக்கும். சட்டையும் பாவாடையும் தைத்தபின் எஞ்சும் துண்டுகளை ஆச்சி ஓர் ஓலைப்பெட்டியிலே சேர்த்து வைப்பார். அவையே பின்னர்ப் போர்வையாயின.

போர்வையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு குடும்பப் பஞ்சாங்கம். இந்த நீலப்பூத் துணி மலாயா இரயில்வேயில் இலிகிதராக இருந்த பெரிய பாட்டனார் கொணர்ந்தது. அந்தக் கட்டம்போட்ட சாரத் துண்டு அட்டனிலே கடை வைத்திருந்த பாட்டனாருடையது. மூலையிலுள்ள மஞ்சட் சீத்தை எமது அன்னையாரின் முதற் பாவாடை. ஊரிலே இல்லாத ஆடவரை எல்லாம் ஆச்சி ஒரு பாயளவு துணியிலே அருகருகே இருத்தி வைத்திருந்தார்.

ஆச்சி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தையல் அவருக்குப் பாடசாலை தந்த செல்வம். 1824ஆம் ஆண்டு உடுவிலிலே அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியபோது எழுத்தோடு ஊசிவேலையையும் கற்பித்தனர். காலப்போக்கிலே அது நமது சைவப் பாடசாலைகளிலும் பெண்பிள்ளைகளுக்குரிய பாடமாயிற்று. 1877இல் சிங்கர் கம்பனி கொழும்பிலே வியாபாரம் தொடங்கியபின் தையல் மெசின்களும் மெல்ல மெல்ல வடபுலத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஆச்சியிடமும் ஒரு கைமெசின் இருந்தது. சட்டைகளை அதிலே தைப்பார். போர்வையை மட்டும் கையாலேயே தைப்பார்.

அவர் தைக்கும் முறையை நாம் சிறுவயதிலே அருகிருந்து கண்டிருக்கின்றோம். அடியிலே நைந்த நூற்சேலை. நடுவிலே பழைய வேட்டி. மேலே ஒட்டுத் துண்டுகள். மூன்றையும் பாயிலே சுருக்கமின்றி விரித்து, நான்கு மூலைகளிலும் பாரம் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையல் ஓட்டுவார். ஓரத்திலே தொடங்கினால் துணி நடுவிலே கூடிப் புடைத்துவிடும். புதுத் துணியை நனைத்து உலர்த்தாமற் சேர்க்கமாட்டார். அது பின்னர்ச் சுருங்கி அயலிலுள்ள பழந்துணியைக் கிழித்துவிடும் என்பார்.

தோய்ப்பது பெரும்பாடு. காரைநகரிலே நன்னீர் அரிது. பல கிணறுகளின் நீர் உவர். உவர்நீரிலே சவர்க்காரம் நுரைக்காது, துணியும் விறைத்துப்போகும். ஆகவே போர்வை மாரி மழைக்காகக் காத்திருக்கும். கூரை வழியே விழும் மழைநீரை அண்டாக்களிலே பிடித்து அதிலேதான் ஆச்சி அதைத் தோய்ப்பார்.

இவ்வேலை நமக்கு மட்டும் உரியதன்று. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கும் விரிப்பைக் காந்தா என்பர். நமது கந்தை என்னும் சொல்லும் அதற்கு உறவுடையதே. கன்னட நாட்டிலே இதனைக் கவுதி என்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரிலே, அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த பெண்கள் வேலையுடுப்புக் கந்தல்களாலே தைத்த போர்வைகள், 2002இல் நியூயோர்க் நகரத்து விட்னி கலைக்கூடத்திலே சித்திரங்களைப்போலச் சுவரிலே தொங்கவிடப்பட்டன. அவற்றைத் தைத்தவர்கள் சுவரை நினைத்துத் தைக்கவில்லை. குளிரில் நடுங்கும் பிள்ளைகளை நினைத்தே தைத்தார்கள்.

நிற்க. எமது ஆச்சியின் போர்வை முழுப் போர்வையன்று. ஒருபுறத்திலே அது பாதியாக வெட்டுண்டு, வெட்டிய ஓரம் வெள்ளைத் துணியாலே மடித்துத் தைக்கப்பட்டிருக்கின்றது. அதன் வரலாறு இது.

1991இலே போரினால் ஊர் முழுவதும் பெயர்ந்தது. நமக்கு அப்போது பத்து வயது. அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தாம்போதியைக் கடந்தோம். ஆச்சி கைமெசினை விட்டுவிட்டுப் போர்வையைச் சுருட்டித் தலையிலே வைத்துக்கொண்டார். “இந்த வெயிலுக்கை உந்தப் பாரம் ஏன் ஆச்சி?” என்று தந்தையார் சினந்தார். ஆச்சி மறுமொழி சொல்லவில்லை. சங்கானைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் சீமந்துத் தரையிலே அது எங்கள் எல்லோருக்கும் பாயாயிற்று. அவ்வாண்டு மாரியிலே, மழை விடாது பெய்த நாளொன்றில், எமது கடைசித் தங்கை பிறந்தாள். குழந்தையைச் சுற்ற ஒரு துணி இல்லை. ஆச்சி யாரையும் கேளாமற் போர்வையை எடுத்துப் பாதியாக வெட்டினார். தையலைப் பிரித்து, அடிச்சேலையின் மெல்லிய துணியைக் குழந்தைக்கு அணையாடையாக்கினார். ஒட்டுத் துண்டுகளிலே சிறு சட்டைகள் தைத்தார். மறுபாதியின் ஓரத்தை எமது பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்து மூடினார்.

1996இலே ஊர் திரும்பத் தொடங்கியவர்களோடு ஆச்சியும் திரும்பினார். கூரையற்ற வீட்டைக் கண்டார். கைமெசினைக் காணவில்லை. சில ஆண்டுகளின் பின் அந்த வீட்டிலேயே கண்மூடினார்.

கத்தரிக்கோலைக் கையிலே வைத்துக்கொண்டு நாம் தயங்குவதைச் சின்னம்மா பார்த்தார். “வெட்டப் போறியே தம்பி? ஆச்சியும் ஒருக்கால் வெட்டினவதானே. ஆனால் ஏன் வெட்டினவ எண்டு யோசிச்சுப் பார்” என்றார்.

மறுநாள் ஈழத்துச் சிதம்பரத்திலே தேர் இழுத்தார்கள். தேர்க்காலைச் சுற்றித் தொங்கிய தொம்பைகளையும் சீலைகளையும் அன்றுதான் ஊன்றி நோக்கினோம். பலநிறத் துணிகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தைத்தவை. வெயிலிலும் காற்றிலும் ஆடுவதற்கென்றே பிறந்தவை. பெட்டகத்திலே பூட்டி வைப்போம் என்று நாம் எண்ணியதும் பிழை, பங்கு பிரிப்போம் என்று தமக்கையார் எண்ணியதும் பிழை என்று அப்போது பட்டது. ஆச்சி வெட்டியது ஒரு பிள்ளைக்காக, பங்குக்காகவன்று.

அன்றிரவே தமக்கையாருடன் பேசினோம். அன்று அணையாடையிலே சுற்றப்பட்ட தங்கை இன்று மொன்றியலிலே இருக்கின்றாள். மாசி மாதத்திலே அவளுக்கு முதற்குழந்தை பிறக்கவிருக்கின்றது. பனி மூடும் அந்நகரத்துக்குப் போர்வையை முழுதாகவே அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. தமக்கையார் சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு, “அதுதான் சரி தம்பி. ஆச்சி இருந்தாலும் உதைத்தான் செய்திருப்பா” என்றார்.

போர்வையின் வெள்ளை ஓரம் ஓரிடத்திலே பிரிந்திருந்தது. எமது மூத்த மகள் ஊசியும் நூலும் கேட்டாள். சின்னம்மா அருகிருந்து வழிகாட்ட, தனது சென்ற ஆண்டுப் பள்ளிச் சீருடையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அவ்விடத்தை மூடித் தைத்தாள். தையல் நேராக அமையவில்லை. பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம்.